கரைத்தெரு மேடு

மே 16, வெள்ளி

வெயில். காலை ஒன்பதுக்கே மாடிக் கைப்பிடியைத் தொட முடியவில்லை. நேற்று மாலை நீடாமங்கலத்தில் இறங்கி பஸ், பிறகு தம்பி அனுப்பிய வண்டி. உடம்பெல்லாம் புழுதி. சர்க்கரை டப்பாவில் எறும்பு.

வேலை: பள்ளிக்கூடப் பொன்விழா மலருக்கு ‘நம் ஊர்: நிலமும் வரலாறும்’. இருபது பக்கம். கல்லூரியில் இத்தனை வருஷம் புவியியல் நடத்துகிறவள் சொந்த ஊரைப் பற்றி எழுதினால்தான் மதிப்பு என்று தம்பி கடிதம் போட்டான். ஒப்புக்கொண்டது என் தப்பு.

மாலை மலர்க்குழுக் கூட்டம், நம் வீட்டுக் கூடத்தில். யாருக்கு என்ன வேண்டும்:

தலைமையாசிரியர் - தன் படம், முழுப்பக்கம்.
இளமாறன் (கட்சி ஒன்றியச் செயலாளர். அப்பா வைத்த பெயர் சீனிவாசன்) - சோழர் படை இங்கே தங்கியது என்று வர வேண்டும். ஆதாரம் கேட்டேன். “இவ்வளவு பசேல்னு ஊரு. தங்காம எங்கக்கா போயிருப்பாங்க?” எல்லாரும் சிரித்தார்கள். ஆறு வடை தின்றார், எண்ணினேன்.
தம்பி - ஒரே ஒரு வரி.

அந்த வரியைக் கூட்டம் கலைந்த பிறகு சொன்னான். “கரைத்தெரு போன வெள்ளத்துக்கு அப்பறம் வந்ததுன்னு போட்டுடுக்கா. அது போதும்.”

கரைத்தெரு: வாய்க்கால் கரையில் இருபத்திரண்டு கூரைவீடு. நம் வயலில் நடவும் அறுப்பும் செய்கிறவர்கள். இடம் நம் பட்டாவில். குடியிருப்புச் சட்டம் வந்து நாலு வருஷம். அது வருவதற்கு முன்பே இருந்தவர்களுக்கு மனை சொந்தம். வெள்ளம் வந்து மூன்று வருஷம். அவர்கள் மனுப் போட்டிருக்கிறார்கள், ஜூன் 3 விசாரணை. வெள்ளத்துக்குப் பிறகு வந்தவர்கள் என்று படித்தவள் ஒருத்தி அச்சில் எழுதியிருந்தால் வக்கீல் அதைத் தூக்கிக் காட்டலாம். இருபத்திரண்டு குடும்பமும் கிளம்ப வேண்டியதுதான்.

சின்ன வயதில் மாடியிலிருந்து தினமும் பார்த்திருக்கிறேன், அந்தக் கரையில் அடுப்புப் புகை. தம்பியும் பார்த்திருக்கிறான். நான் பார்த்தது அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறான்.

மே 18, ஞாயிறு

குறிப்புகள்.
சரிவு: மேற்கிலிருந்து கிழக்கு, கண்ணுக்குத் தெரியாத அளவு.
மண்: களி. வெடிப்பில் என் குடைக்கம்பி ஒரு முழம் இறங்கியது.
நீர்: வெண்ணாற்றிலிருந்து பிரியும் வாய்க்கால். இப்போது காய்ந்து கிடக்கிறது. செத்த நண்டு, நாற்றம்.
வரலாறு: கோயில் சுவரில் கல்வெட்டு இருந்ததாம். யாரோ சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். மேலே கட்சிச் சின்னம்.

காலையில் கரைத்தெருவுக்குப் போனேன். ஊரில் பிறந்து ஐம்பதை நெருங்கி, இன்றுதான் முதல் தடவை. சாக்கு வேறு: மட்டம் பார்க்க. நம் வயலைவிட அந்த மேடு என் நெஞ்சு உயரம் அதிகம். இயற்கையாக அங்கே மேடு வர வழியில்லை.

நடவுக்கு ஆள் கூட்டி வரும் பாக்கியம் சாணி தட்டிக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். முதலில் நிமிரவில்லை. மேடு எப்படி வந்தது என்று கேட்டதற்கு என்னை ஒரு பார்வை, இதற்கா படித்தாய் என்பதுபோல.

“தண்ணி வர்றதுக்கு முன்னாடி வருஷா வருஷம் நாங்கதானே தூரு வாறுறோம். வாறுன சேத்த எங்க கொட்டுவாங்க? ஒங்க வயல்லயா? எங்க வாசல்லதான். மிதிச்சு, மெழுகி, அதுமேலயே குந்திக்குவோம். வீடு தானா ஒசந்துக்கிச்சு.”

வாய்க்கால் பக்கம் கரை சரிந்திருந்த இடத்தில் இறங்கிப் பார்த்தேன். வண்டல். மேலே மெழுகிய தரை, விரல் கனம். சாம்பல். மறுபடி வண்டல், தரை, சாம்பல். இருபத்தாறு தரை வரை எண்ணினேன், கீழே எறும்புப் புற்று. மேலிருந்து நாலாவது தரைக்குமேல் வெள்ள மணல், தெளிவாக, வெளுப்பாக. அதற்குக் கீழே இருபத்து மூன்று தரை.

என் நினைவு என்றால் வக்கீல் சிரிப்பார். இதைப் பார்த்துச் சிரிக்க முடியாது. மண் வெட்டுமுகத்தைப் படம் போட்டுப் பாடம் நடத்தியவள் நான், வீட்டு வாசலிலிருந்து அரை மைலில் இருந்ததைப் பார்க்கவில்லை. அவமானம்.

புடவை ஓரம் கரியும் மண்ணும். சமையற்காரி முகத்தைச் சுளித்தாள். நானே துவைத்தேன்.

மே 21, புதன்

எழுதி முடித்தேன். சோழர் படை இல்லை. பக்கம் 14 கரைத்தெரு: கரை சரிந்த இடம், அளவு, தரைகளின் எண்ணிக்கை, வெள்ள மணல் எங்கே, படத்தோடு. சட்டத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. இருப்பதைச் சொன்னேன், அவ்வளவுதான்.

படியைத் தம்பியிடம் கொடுத்தேன். தகவல் பிழை இருந்தால் சொல் என்றேன். யாரிடமும் அப்படித்தான் கொடுப்பேன். வாங்கி அதன்மேல் வெற்றிலைப் பெட்டியை வைத்தான்.

கரண்ட் இல்லை. மோர் புளிப்பு.

மே 23, வெள்ளி

படி திரும்பி வந்தது. “நல்லா இருக்குக்கா. படங்கூட பிரமாதம்.” அவ்வளவுதான், சண்டை இல்லை. நான் தயாராக வைத்திருந்த பதில்கள் எல்லாம் வீண். பதினாலாம் பக்கத்தில் மட்டும் வெற்றிலைச் சாறு, கட்டைவிரல் அகலம். மற்ற பக்கங்கள் மடிப்புக்கூடக் கலையவில்லை.

மே 26, திங்கள்

காலையில் டிராக்டர் சத்தம். மாடியிலிருந்து பார்த்தேன், கரைத்தெருப் பக்கம். ஓடினேன் என்றே சொல்லலாம்.

இரண்டு டிராக்டர், பத்துப் பதினைந்து வெளியூர் ஆட்கள். வாய்க்கால் பக்கத்துக் கரை முழுவதையும் செங்குத்தாக வெட்டி அள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் அளந்த இடத்தில்தான் தொடங்கியிருக்கிறார்கள். அங்கே இப்போது பள்ளம். வீடுகளின் பின்சுவருக்கும் வெட்டுக்கும் இடையே இரண்டு முழம் மிஞ்சியிருந்தது. வெட்டின முகத்தில் மண்வெட்டியால் சேறு பூசிவிட்டார்கள். வேலை சுத்தம்.

இளமாறன் தலையில் துண்டோடு நின்றார். பொன்விழா மேடைக்கு மண் தேவையாம். ஏழை மக்களின் பள்ளிக்கூடம், ஏழை மக்களின் மண் என்றார். இந்த ஆள்தான் சட்டம் வந்த அன்று இதே தெருவில் மாலை போட்டுக்கொண்டவர்.

பெண்கள் வரிசையாக நின்றார்கள், ஒருத்தியும் அழவில்லை. பாக்கியம் என் பக்கம் வந்தாள்.

“எது எங்க இருக்குன்னு அவங்களுக்கு எழுதிக் குடுத்தது யாரு டீச்சரம்மா?”

வீட்டுக்கு நடந்தேன்.

மத்தியானம் தம்பியிடம் கேட்டேன். கோபப்படக்கூட இல்லை. இலையில் ரசத்தை வழித்துக்கொண்டே பேசினான். அவர்கள் யாரும் நமக்கு விரோதி இல்லையாம், கேட்டால் வேறு பக்கம் இடம் காட்டுவானாம், பட்டா என்று போனால்தான் வயல் வேலைக்கு ஆள் சொன்னபடி வராதாம். பிறகு: “ஒனக்கென்னக்கா, லீவு முடிஞ்சா போயிடுவ. நான்ல இங்க இருக்கணும்.”

விரல் இடுக்கில் ரசம் வழிந்தது. எழுந்துவிட்டேன்.

மே 28, புதன்

இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. தயிர், வாழைப்பழம்.

என்னிடம் மிஞ்சியது: அளவுக் குறிப்பு, கையால் போட்ட படம். இரண்டும் என் எழுத்து. எதிர்ப்பக்கம் சொல்லப்போவது தெரிந்ததே, உட்கார்ந்து கற்பனை செய்தாள் என்று. வேறொருவர் எழுதியிருந்தால் நானும் அதையே கேட்டிருப்பேன்.

மாலை கரைத்தெரு போனேன், மன்னிப்புக் கேட்க. சொல் வாயில் வரவில்லை. இந்த வீட்டில் பழக்கமில்லாத சொல். பாக்கியம் அதற்குக் காத்திருக்கவும் இல்லை.

“கரையத்தானே அள்ளுனாங்க. வீட்டுக்கு அடியில உள்ளத அள்ளலல்ல. எங்க வீட்டுக்குள்ள தோண்டிக்குவோம்.”

எங்கே என்று கேட்டேன். அடுப்பைக் காட்டினாள். அவள் மாமியார் காலத்திலிருந்து அதே மூலையாம்.

இப்போதே தோண்டி அளந்துவிடலாம் என்றேன். அவசரம் எனக்கு.

“இப்ப தோண்டுனா நாமளே அடுக்கி வச்சோம்பாங்க. அந்த ஆபீசரு வரட்டும். அவரு கண்ணு முன்னாடி தோண்டுவோம். அதுவரைக்கும் நீங்க ஒண்ணும் எழுதிடாதீங்க.”

எழுதவில்லை. இந்த நோட்டும் இனி கைப்பையில், கைப்பை என்னோடு.

ஜூன் 2, திங்கள்

மேகம் மாதிரி வந்து போனது. தலைவலி.

இளமாறன் வந்தார், ஒரு சீப்பு மலைப்பழத்தோடு. பொன்விழாவுக்கு என் தலைமையாம், பொன்னாடையாம், பெண்குலத்துக்கே பெருமையாம். பதினாலாம் பக்கம் மட்டும் “இட நெருக்கடி”. அதை எடுத்தால் என் பெயரையும் எடுத்துவிடுங்கள் என்றேன். மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார். என் பெயர் இல்லாமல் சோழர் படையை உள்ளே கொண்டுவந்துவிடுவார்.

பழத்தைச் சமையற்காரியிடம் கொடுத்தேன்.

ஜூன் 3, செவ்வாய்

விசாரணை. துணைத் தாசில்தார் பதினொன்றரைக்கு ஜீப்பில். பூவரச மரத்தடியில் நாற்காலி, நம் வீட்டு நாற்காலி. எழுத்தர் ஒருவர். தம்பி, வக்கீல். சோடாவும் நம் வீட்டிலிருந்து.

வக்கீல் பேசியது: வெள்ளத்துக்குப் பிறகு இரக்கப்பட்டு இடம் கொடுத்தோம், அதற்கு முன் வெறும் கரை. தெருக்காரர்கள் பேசியது எழுத்தர் தாளில் மூன்று வரி. கடைசியில் பாக்கியம் எழுந்து, வந்து பாருங்க என்றாள்.

பானை சட்டி ஏற்கெனவே வாசலில். அடுப்புக்கல் மூன்றையும் காலால் பெயர்த்துத் தள்ளினாள். கடப்பாரை அவள் கையில்தான், வேறு யாரையும் தொடவிடவில்லை. நெஞ்சளவு போனதும் வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “இப்ப பாருங்கய்யா.”

கூரை தாழ்வு, குனிந்துதான் போக வேண்டும். துணைத் தாசில்தார் வாசல்வரை வந்தார். மூக்கைத் துடைத்தார். “இங்கேருந்தே தெரியுதும்மா.” எதுவும் தெரியாது, உள்ளே இருட்டு, பள்ளம் மூலையில். அவருக்கு உள்ளே கால் வைக்க மனமில்லை. வக்கீல் அதைத்தான் எதிர்பார்த்தார். நேரில் கண்டதாக எழுத முடியாது, மண் பரிசோதனை தெரிந்த ஆள் வேண்டும் என்றார்.

நான் உள்ளே போனேன். டார்ச், அடிக்கோல். பள்ளத்தில் இறங்கி, மேலிருந்து கீழே, ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொன்னேன். தரை, சாம்பல், வண்டல். வெள்ள மணல் வந்ததும் துணைத் தாசில்தார் நிறுத்தச் சொன்னார். “வெள்ளம் அதுதானா?” ஆமாம் என்றேன். “அதுக்குக் கீழயும் சாம்பல் இருக்கா?” இருக்கிறது. “எண்ணுங்க.” எண்ணினேன். வெளியே எழுத்தர் பேனா சத்தம். மணலுக்குக் கீழே முப்பத்தொன்று, பிறகு கலப்பில்லாத களி. வக்கீல் இரண்டு தடவை ஆட்சேபம் சொன்னார்.

மேலே ஏறி வந்தபோது தலைமுடியெல்லாம் கரி. பாக்கியம் செம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். தம்பி வேறு பக்கம் பார்த்தான்.

ஆணை பிறகு வருமாம். சொன்னவர் கையெழுத்து வேண்டும் என்று எழுத்தர் தாளை நீட்டினார். போட்டேன். போதாது, தகப்பனார் பெயரும் வேண்டும் என்றார். எழுதினேன். அதே தாளில் மேலே, எதிர்மனுதாரர் என்ற இடத்தில், தம்பி பெயருக்குக் கீழே அதே தகப்பனார் பெயர் ஏற்கெனவே இருந்தது.