அடீனியத் தொட்டியில் நான் வைத்த மூன்று கற்கள்

சம்பந்தி, காலையிலிருந்து என் நகக்கண்ணில் செங்கல் தூள் ஒட்டியிருக்கிறது. இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. இதே சிவப்பை ஒருநாள் உங்கள் நகத்தில் பார்த்துவிட்டு நான் என்ன பேச்சுப் பேசினேன்! குழாயடியில் நின்றபோது அதுதான் ஞாபகத்துக்கு வந்தது. சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் நீங்கள் என்னிடம் கடைசியாகச் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். உங்கள் மகனிடம் என்னென்னவோ சொன்னீர்கள். என் மகள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதீர்கள். என்னை மட்டும் கிட்டே கூப்பிட்டு, "உங்க தொட்டியப் பாத்துக்கங்க சம்பந்தி" என்றீர்கள். என் தொட்டியை நான் பார்த்துக்கொள்ள மாட்டேனா? மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிற மனுசி அதை ஏன் சொல்ல வேண்டும்? இந்த மூன்று மாதமாக அந்த வார்த்தையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். நல்ல மனதோடு சொன்னதாக ஒருநாள்கூட எனக்குத் தோன்றவில்லை.

என் புத்தி அப்படி. வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில்லில், வேலை விட்டுப் போகும் பெண்களின் பையைச் சோதிக்கும் வேலையில் பாதி ஆயுள் போய்விட்டது. டிபன் தூக்குக்குள் நூல் சுற்றிய கோன் இருக்கும், குடைக்குள் பஞ்சு இருக்கும். அங்கே யாரையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். வேலை முடிந்து திண்டுக்கல்லில் மகள் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் புத்தி என்னை விடவில்லை. வந்த இடத்தில் நீங்கள் இருந்தீர்கள். மகனைப் பெற்றவர் கீழ் அறையில், மகளைப் பெற்றவள் மாடி அறையில். இரண்டு பேருக்கும் பொதுவாக வாசலில் ஒரு முழ அகலத்துக்கு மண்.

அந்த மண்ணுக்குத்தானே முதல் சண்டை! நீங்கள் அதில் ஈஸ்டர் லில்லிக் கிழங்குகளை வைத்திருந்தீர்கள். நான் ஒரு அடீனியம் வாங்கி வந்து அங்கே நடவேண்டும் என்றேன். தண்ணீர் வருகிற நாள் தெரியாத ஊரில், தண்ணீரே கேட்காத செடிதான் தோது என்பது என் கட்சி. பாலைவனத்துச் செடி. அடிமரத்தில் பானைபோலத் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொண்டு, கொளுத்துகிற சித்திரையிலும் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும். உங்கள் லில்லியோ தவக்காலக் கடைசியில் ஒரு தண்டை நீட்டும், நாலு பூ விடும், பத்து நாளில் முடிந்தது. அப்புறம் வெறும் இலை. மழைக்காலம் வந்தால் அதுவும் பழுத்துக் காணாமல் போய்விடும்.

"பத்து நாள் பூத்துட்டு மண்ணுக்குள்ள ஒளிஞ்சுக்கிற செடிய எப்பிடி நம்புறது?" என்று நான் கேட்டேன்.

"வருசம் பூரா பூத்துக்கிட்டே இருந்தா அத யாரு திரும்பிப் பாப்பா?" என்றீர்கள். என்னைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு இரண்டு நாள் நான் கீழே இறங்கவில்லை.

கடைசியில் என் அடீனியம் சிமென்ட் தொட்டிக்குப் போனது. ஆற்று மணலும் செங்கல் தூளும் கலந்து, மழை படாத சன்ஷேடுக்கு அடியில், மாடிப்படியில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராகத் தெரிகிற இடத்தில் வைத்தேன். தண்ணீர் அதிகமானால் அடி அழுகிவிடும், வேரைக் கிளறினாலும் ஆகாது என்று நர்சரிக்காரர் சொல்லியிருந்தார். என் தொட்டியில் ஒருத்தரும் கை வைக்கக் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் சொன்னேன். அதாவது உங்களுக்குச் சொன்னேன். காய்கறி வாங்கப் போனால்கூட, திரும்பியதும் முதலில் தொட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பையை இறக்குவேன்.

முதல் ஐப்பசியில் தொட்டியின் சுவரோர மண் கிளறியிருந்தது. பூனையாக இருக்கும் என்றாள் என் மகள். பூனை கிளறிவிட்டு மண்ணைத் தட்டிச் சமன் செய்துவிட்டா போகும்? அடுத்த வருசம் மில் புத்தியைக் காட்டினேன். மூன்று வெள்ளைக் கற்களைப் பொறுக்கி, எனக்கு மட்டும் தெரிகிற கணக்கில் மண்மேல் வைத்தேன். ஐப்பசி பிறந்த முதல் வாரம், நான் ஞாயிறு பூசைக்குப் போய்விட்டு வருவதற்குள் நடுக்கல் இரண்டு விரற்கடை தள்ளியிருந்தது. நீங்கள் அன்று உடம்பு சரியில்லை என்று பூசைக்கு வரவில்லை.

நேரே வந்து கேட்டேன். "என் தொட்டியில கை வச்சீங்களா?"

"உங்க தொட்டியில எனக்கென்ன வேலை?" என்றபடி கையை முந்தானையில் துடைத்தீர்கள். உங்கள் நகத்தில் சிவப்பு. நம் வாசல் மண் குளத்து வண்டல், கறுப்பு. செங்கல் தூள் இருந்தது என் தொட்டியில் மட்டும்தான்.

எவ்வளவு பொய் பார்த்தவள் நான்! ஆனால் ஜெபமாலையும் கையுமாக இருக்கிற நீங்கள் என் முகத்தைப் பார்த்து அதைச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் மகளை இந்த வீட்டில் வாழவிடாமல் செய்வதற்கு ஏதோ மந்திரித்துப் புதைக்கிறீர்கள் என்று உங்கள் மகன் முன்னாலேயே சொன்னேன். நீங்கள் அடுப்படிக்குப் போய்விட்டீர்கள். அன்று மத்தியானம் அவரைக்காய் வெஞ்சனம் செய்து கொடுத்துவிட்டீர்கள். மாப்பிள்ளை சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் நான் தொட்டேன். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் நடந்தது.

அத்தனை சந்தேகம் இருந்தும் நான் ஏன் தோண்டிப் பார்க்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். வேர் போய்விடும் என்பது ஊருக்குச் சொன்ன காரணம். தோண்டி, உள்ளே ஒன்றும் இல்லாமல் போய்விட்டால் உங்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம்தான் நிஜம்.

இந்தத் தவக்காலம் தொடங்கியதிலிருந்து மாப்பிள்ளைக்கு ஒரே நினைப்பு. ஈஸ்டருக்கு அம்மா கல்லறையில் லில்லி பூக்க வேண்டும். இன்னும் சிமென்ட் பூசாத மண் கல்லறை, நட்டால் பிடிக்கும் என்றார். வாசல் மண்ணைக் கொத்திப் பார்த்தால் ஒரு கிழங்குகூட இல்லை. பக்கத்து வீட்டு அம்மா போன வருசம் உங்களிடம் ஒரு கிழங்கு கேட்டது எனக்கு நினைவு வந்தது. ஏதோ துணி விழுந்ததைத் தேடுகிற மாதிரி அவர்கள் சுவரை எட்டிப் பார்த்தேன். அங்கேயும் இல்லை. மாப்பிள்ளை முகம் வாடிப்போனது. கல்லறைத் தோட்டத்தில் தினம் யார் தண்ணீர் ஊற்றப் போகிறார்கள், என் அடீனியத்தையே வைத்துவிடலாம் என்றேன். உங்கள்மேல் இருந்த கோபம் தீர்ந்துவிடவில்லை. அவர் முகத்துக்காகச் சொன்னேன்.

இன்று காலை இருவருமாகத் தொட்டியைச் சாய்த்து மண்ணைத் தளர்த்தினோம். சுவரோரமாக என் விரலில் துணி தட்டுப்பட்டது. இழுத்தால், உங்கள் பழைய சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலையின் துண்டு. முடிச்சுப் போட்ட பொட்டலம். தொடாதீர்கள் மாப்பிள்ளை என்று நான் சொல்லச் சொல்ல அவர் பிரித்துவிட்டார். உள்ளே வெங்காயம்போல ஐந்து கிழங்குகள். ஒன்றில் மொட்டு முளைத்து, துணியைக் கிழித்துக்கொண்டு பச்சையாக நீட்டிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் அப்பா கல்லறைக்குச் சிமென்ட் பூசிய நாளில், அதற்குமுன் அங்கே நட்டிருந்த கிழங்கை நீங்கள் தோண்டி எடுத்து வந்தீர்களாம். இந்த ஐந்தும் அதன் குட்டிகளாம். மழைக்காலத்தில் வாசல் மண்ணில் விட்டால் அழுகும், தப்பினால் பெருச்சாளி தோண்டும். எங்கேதான் எடுத்து வைக்கிறாய் என்று ஒருமுறை இவர் உங்களிடம் கேட்டாராம்.

"பத்திரமான எடத்துல இருக்குப்பா. மழை படாது, பெருச்சாளி அண்டாது. பகல் பூரா ஒரு ஆளு கண்ணக் கொட்டாமப் பாத்துக்கிட்டு இருக்கு." அம்மா இப்படித்தான் சொன்னது, எந்த இடமென்று அப்போது விளங்கவில்லை என்று சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்தார்.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொல்லியிருந்தா விட்ருப்பீங்களா அத்தை?"

விட்டிருக்க மாட்டேன். சத்தியமாக விட்டிருக்க மாட்டேன். அது உங்களுக்கும் தெரிந்திருக்கிறது. அதனால்தான் நான் வைத வசவையெல்லாம் வாங்கிக்கொண்டு, வருசா வருசம் உங்கள் வீட்டுக்காரரின் லில்லியை என் காவலில் விட்டிருக்கிறீர்கள்.

மில் வாசலில் என்னைப் பார்த்துச் சிரித்தவர் கிடையாது. முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பையை நீட்டுவார்கள். பெற்ற மகளே, "எம்மா, எல்லாரையும் திருடன் மாதிரி பாக்காத" என்று சொல்லிச் சலித்துவிட்டாள். என் சந்தேகத்தை நம்பி ஒரு பொருளை ஒப்படைத்த ஒரே ஆள் நீங்கள்தான். உங்களைத்தான் நான் திருடியாக்கினேன். என்னை மன்னித்துவிடுங்கள் சம்பந்தி. கட்டிலோரம் நின்றபோது சொல்லியிருக்க வேண்டியது.

பத்து மணிக்குக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். மொட்டு விட்டதையும் இன்னும் இரண்டையும் உங்கள் தலைமாட்டில் நானே நட்டேன். மீதி இரண்டை அதே துணியில் முடிந்து, அதே இடத்தில் புதைத்து, அடீனியத்தையும் தொட்டியில் திரும்ப நட்டுவிட்டேன். எல்லாக் கிழங்கையும் ஓரிடத்தில் வைக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

பூ பத்து நாள்தான், தெரியும். இலை பழுத்து மறைந்ததும், ஐப்பசி பிறப்பதற்குள் வந்து தோண்டி எடுத்துக்கொள்கிறேன். அதுவரை எனக்கு நிம்மதி இல்லை. நாங்கள் நட்டதைத் தோட்டத்துக் காவல்காரர் கொஞ்சம் அதிகமாகவே நின்று பார்த்தார். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும், உங்கள் தலைமாட்டில் மூன்று வெள்ளைக் கற்களை வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.