முதீனாவில் வீழ்ந்தவர்களின் கல்

சிசிலித் தீவில் இருக்கும் என் கணவர் அவுலுஸ் அவர்களுக்கு நுமிசியா வணக்கத்துடன் எழுதுவது. நீங்கள் உடல்நலத்தோடு இருக்கிறீர்கள் என்ற சேதியே எனக்குப் போதும். நானும் நன்றாக இருக்கிறேன். மலையில் பனி உருகிவிட்டது. பார்லி நன்றாக முளைத்திருக்கிறது. அறுப்பது யாரோ.

முதீனாப் போரில் இறந்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு, நீங்கள் தப்பிப்போன பிறகு, சந்தைவெளியில் ஒரு கல் நட்டோம். நம் மகன் செர்வியஸின் பெயர் மூன்றாவதாக இருக்கிறது. பெயர்களுக்குக் கீழே, 'குடியரசின் விடுதலைக்காக இறந்தவர்கள்' என்று பொறித்தோம். ரோமைப் பங்குபோட்டுக்கொண்ட தளபதிகள் மூவருக்கும் அந்த வரி பிடிக்கவில்லை.

போன வாரம் ஒரு அதிகாரி படையோடு வந்தான். கல்லில் இருக்கும் அந்த வரியை நாங்களே அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊரின் நிலமெல்லாம் சிப்பாய்களுக்குப் போய்விடும் என்று அறிவித்தான். பிறகு நம் வீட்டுக்கு வந்தான். மரியாதையான பையன்தான். "அம்மா, நீங்க பேசினா ஊர் கேக்கும். அந்த வரி போச்சுன்னா, மூவரோட கொலைப்பட்டியல்ல இருக்கிற உங்க வீட்டுக்காரர் பேரும் போயிடும். அவர் நாளைக்கே வீடு திரும்பலாம்" என்றான். அவனுக்கு மது ஊற்றிக் கொடுத்துவிட்டு, நாளை ஊர் கூடும்போது சொல்கிறேன் என்று அனுப்பினேன்.

மறுநாள் ஊர் கூடியது. ரோமில் வாக்குக்கு மதிப்பில்லாமல் போயிருக்கலாம்; நம் ஊரில் இருக்கிறது. அழிக்கச் சொல்பவர்கள் கிணற்றருகிலும், வேண்டாம் என்பவர்கள் கல்லருகிலும் நிற்க வேண்டும். பெண்களுக்கு வாக்கில்லை என்றாலும் முதலில் என்னைத்தான் கேட்டார்கள். அதிகாரி சொன்னதை ஒளிக்காமல் சொன்னேன். "என் மகன் எதுக்காகச் செத்தான்னு மறைச்சுத்தான் என் புருஷன் உசிரு மிஞ்சணும்னா, அதை அவரே ஏத்துக்க மாட்டார்" என்றேன்.

முதலில் கல்லருகே போய் நின்றது யார் தெரியுமா? உங்களோடு எதிலுமே ஒத்துப்போகாத முர்ரியஸ். "அவுலுஸ் மட்டும் இங்க இருந்திருந்தா அவனுக்கு எதிராத்தான் நின்னிருப்பேன். ஆள் இல்லாத நேரம் பார்த்து எதிர்த்தா நல்லாவா இருக்கும்?" என்றார். ஊரே சிரித்தது. சிரித்துக்கொண்டே ஒவ்வொருவராக அவர் பின்னால் போனார்கள். படுத்த படுக்கையான பெற்றோரை வைத்திருக்கும் இரண்டு பேர் மட்டும் கிணற்றருகே நின்றார்கள். அவர்களை யாரும் குறை சொல்லவில்லை.

"பைத்தியக்கார ஊரு" என்று முணுமுணுத்தான் அந்த அதிகாரி. ஆனால் போகும்போது கல்லின் முன் நின்று தலைக்கவசத்தைக் கழற்றினான். நான் பார்த்தேன்.

நாளை நாங்கள் எல்லோரும் வெளியேறுகிறோம். நான் மலைக்கு அந்தப் பக்கம் என் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். நாங்கள் போன பிறகு சிப்பாய்கள் அந்த வரியைச் செதுக்கி எறியட்டும். எங்கள் கையால் அது நடக்கவில்லை.

அந்த மூவரின் காலில் விழுந்தால் மன்னிப்பு கிடைக்கிறது என்று பேசிக்கொள்கிறார்கள். எனக்காக அப்படி வந்துவிடாதீர்கள். நிமிர்ந்து வர முடிகிற நாளில் வாருங்கள். எந்த ஊரில் இருந்தாலும் உங்களுக்கும் சேர்த்தே உலை வைப்பேன். கடற்காற்று உங்கள் நெஞ்சுக்கு ஆகாது, கம்பளியைப் போர்த்திக்கொள்ளுங்கள். நம் வீட்டுத் தெய்வங்கள் உங்களைக் காக்கட்டும். உயிரோடு இருங்கள்.

செர்வியஸின் தாய்,
உங்கள் நுமிசியா