நாளுக்கு இரண்டு வரி

மேற்கு முகாம்
3 ஜூன் 1997, செவ்வாய்

என் மகள் நொரீனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானேதான்! பக்கத்தில் யாரும் இல்லை. இந்த ஒரு பக்கத்துக்கு மூன்று காலைகள் ஆயின. நான் முதலில் எழுதப் பழகிய வார்த்தை உன் பெயர். உன் அத்தை பெயரும் அதுதானே, ஒரே வேலையில் இரண்டு பேர் ஆயிற்று. நோட்டில் மூன்று பக்கம் நிறைய எழுதி வைத்திருக்கிறேன்.

அத்தை வழக்கம்போல் எனக்குச் சொல்ல வேண்டியதை நாயிடம்தான் சொல்கிறாள். நம் முறைப்படி தங்கை அண்ணனிடம் நேரே பேசலாமா? "ஏய் நாயே, ஒங்க கிழவன் பேனாவப் புடிச்சிருக்கறதப் பாரு! கங்காருவுக்கு ஈட்டி எறியப் போறாப்ல!" இப்போது அவள் செருப்புப் போடுவதில்லை. பழையது கடிக்கிறதாம். புதிதாய் வாங்கி வா. கிளினிக்குக்கு மட்டும் போகமாட்டாள். "எங்க பொண்ணு படிச்சிட்டு வந்து ஊசி போடட்டும், அதுவரைக்கும் எவளும் என்னத் தொட வேணாம்" என்று அதையும் நாயிடம் சொல்லிவிட்டாள்.

கடை போனில் கூப்பிடாதே. கடிதம் போடு. நான் வாசிக்க வேண்டும்.

உன் அப்பா,
ஹெக்டர் ஜபல்ஜாரி


ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்
7 ஜூன் 1997

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தை வகுப்பில் எல்லோருக்கும் காட்டினேன். ரத்த அழுத்தம் பார்க்கப் பழகிவிட்டேன். ஒருவர் கையில் ஒருவர் பட்டையைச் சுற்றிப் பார்க்கிறோம். லெஸ்லி, "மெதுவா நொரீன், அந்தக் கை எனக்கு இன்னும் வேணும்" என்று கத்துகிறான். இன்னும் பத்து வாரம், அப்புறம் பரீட்சை, அப்புறம் நம் கிளினிக்கிலேயே வேலை.

அத்தையின் செருப்புதான் மனதை உறுத்துகிறது. சிறுநீரகம் கெட்டால் கால் வீங்கும். யாராவது ஒரு பெண் அவள் காலை விரலால் அழுத்திப் பார்க்கட்டும். குழி விழுந்து அப்படியே நின்றாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ அன்றைக்கே கிளினிக்குக்கு அனுப்புங்கள். எனக்காகக் காத்திருக்க வேண்டாம். என் ஊசியும் அவர்கள் ஊசியும் ஒன்றுதான் என்று சொல்லுங்கள். நாயிடமாவது சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
நொரீன்


மேற்கு முகாம்
17 ஜூன் 1997

நொரீன் கண்ணு,

உன் கடிதம் போன செவ்வாய் விமானத்தில் வந்தது. நாளுக்கு இரண்டு வரி வாசிக்கிறேன். "குடுங்க பெரியவரே, நான் படிச்சுக் காட்டுறேன்" என்றாள் நர்ஸ். கொடுப்பேனா? சட்டைப் பையில் வைத்துப் பொத்தானும் போட்டுக்கொண்டேன். இன்று லெஸ்லியின் கைவரை வந்துவிட்டேன். நினைத்து நினைத்துச் சிரித்தேன். இன்னும் ஒரு பக்கம் மிச்சம் இருக்கிறது. சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாது.

அத்தை இப்போது உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். "படுத்தா நெஞ்சுல ஏறி ஒக்காந்துக்கறியே, நாயே!" என்று அதைத் திட்டுகிறாள். பாவம், நாய் என் பக்கத்தில்தான் படுத்திருந்தது.

அப்பா


மேற்கு முகாம்
29 ஜூலை 1997

குமஞ்சாயிக்கு,

உன்னை இனி இப்படித்தான் அழைக்க வேண்டும். நம் வழக்கப்படி போனவளின் பெயரை யாரும் சொல்லக் கூடாது. அதே பெயர் கொண்ட உனக்கும் அந்தப் பெயர் இல்லை.

என் போன கடிதத்தைப் பார்த்து அந்த வெள்ளிக்கிழமையே கடை போனில் பதறிக்கொண்டு கூப்பிட்டாயாமே, அன்று நான் இரண்டாம் பக்கத்தின் முதல் வரியில் இருந்தேன். அவள் அன்று காலையிலேயே போய்விட்டாள். துக்க முகாமில் உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அடக்கம் முடிந்த பிறகு மிச்ச வரிகளை எடுத்தேன். ஒரே மூச்சில் வாசித்தேன். முடிந்தது, மகளே. கடிதம் வந்த அன்றைக்கும் முடிந்திருக்கும்.

நீ வகுப்புக்குப் போவதில்லை என்று நர்ஸ் சொன்னாள். "நான் போன் பண்ணிருக்கணும்" என்று அவளிடம் அழுதாயாம். போன் வேண்டாம் என்றவன் நான். நீ போ. இங்கே இன்னும் சிலர் செருப்பில்லாமல் நடக்கிறார்கள். முன்பு நான் அவர்கள் காலைப் பார்த்ததில்லை.

நாயிடம் இப்போது நான்தான் பேசுகிறேன்.

நோட்டில் இருந்த மூன்று பக்கங்களையும் கிழித்து நெருப்பில் போட்டுவிட்டேன். உன் சான்றிதழில் அந்தப் பெயரைத்தான் அச்சடிப்பார்கள். பரவாயில்லை, வாங்கி வா. மடித்துக் கொண்டு வா. என்னிடம் மட்டும் காட்டாதே.

நான் வாசித்துவிடுவேன்.

அப்பா