இரண்டு மரமேறிகள், ஒரே மேசை

நவம்பர் 10, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. குடை வேலையிடத்தில், வெள்ளிக்கிழமையே விட்டுவிட்டு வந்தாயிற்று. எலிசபெத் லைன் ரயிலில் கடைசிவரை நின்றபடி. முழங்கால் நோவு.

செய்ய:
– 14ஆம் அலமாரி, மரமேறிகள். மேல் மூன்று இழுப்பறைக்குப் புதுப் பெயர் அட்டை.
– பாய்லர். வீட்டு ஏஜென்சிக்குத் திரும்பவும் போன்.
– நேர்முகத்துக்குக் கறுப்புக் காற்சட்டை. இடுப்பு இறுக்கம்.
– தயிர்.

மியூசியத்தின் நிலத்தடிக்கு வந்து இரண்டு வருடம். பாடம் செய்த பறவைகளைப் படம் எடுப்பது, காலில் கட்டிய சீட்டை வாசித்துக் கணினியில் ஏற்றுவது, இடம் மாற்றுவது. ஒப்பந்தம் டிசம்பரோடு சரி. அடுத்த திங்கள் இரண்டரைக்கு நிரந்தர வேலைக்கு நேர்முகம். இடம் ஒன்றுதான். எனக்கு ஐம்பது வயது.

மரமேறிகள் தென் அமெரிக்கக் காட்டுப் பறவைகள். எல்லாமே மண்ணிறம், நெஞ்சில் கோடு அல்லது புள்ளி. வால் இறகின் நுனி முள்போல விறைப்பு. அதை ஊன்றி மரத்தில் ஏறும். முன்பு இவற்றுக்குத் தனிக் குடும்பம். இப்போது மண்ணால் அடுப்புப் போலக் கூடு கட்டுகிற பறவைகளின் குடும்பத்துக்குள் ஒரு கிளை. எங்கோ ஒருவர் கட்டுரை எழுதுகிறார், இங்கே என் முதுகு முறிகிறது.

அரிவாள்போல வளைந்த மூக்குள்ள மரமேறிகளோடு இத்தனை நாள் இருந்த ஒன்று, டிஎன்ஏ பார்த்ததில் அவர்களுக்கு நெருங்கிய சொந்தமே இல்லையாம். மூக்கு மட்டும் ஒத்துப்போயிருக்கிறது. அதையும் தூக்கி வேறு தட்டில் வைத்தேன்.

மூன்று மணிக்குக் கார்த்திக் ஓடி வந்தான். மதுரைப் பிள்ளை, மரமேறிகள்தான் அவன் ஆராய்ச்சி. அவனுக்கு ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. வேறு இடம் கிடைக்காவிட்டால் விசாவும் போய்விடும்.

"அக்கா, ஒரு நிமிஷம் வாங்களேன். அந்த ஆத்துக்கரைப் பறவைக்கு ரிசல்ட் வந்துருச்சு."

முன்பு ஒரே இனமாக இருந்ததைப் பாட்டும் டிஎன்ஏவும் வைத்துப் பலதாகப் பிரித்துவிட்டார்கள். ஆற்றுக்கு மேற்கே ஒன்று, கிழக்கே இன்னொன்று. கண்ணால் பார்த்துச் சொல்ல எனக்கு ஏலாது. அவனே தடுமாறுவான். பறவையைப் பிடித்த இடமென்று சீட்டில் எழுதிய ஊர்தான் ஆதாரம். கோடையில் அனுமதி வாங்கி ஒரேயொரு பறவையின் பாதத்தில் அரிசிமணி அளவு தோல் வெட்டி அனுப்பியிருந்தான். சீட்டில் மேற்குக் கரை. டிஎன்ஏ கிழக்கு என்கிறதாம்.

"ஆத்தத் தாண்டியிருக்குக்கா. இதுவரைக்கும் யாருமே இப்படிச் சொன்னதில்ல. இது மட்டும் வெளிவந்துச்சுன்னா எனக்கு அடுத்த வேலை உறுதி."

அவன் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கும் சந்தோஷமாக இருந்தது. ரயிலில் ஸ்ட்ராட்ஃபோர்ட் தாண்டியதும்தான் நினைவு வந்தது. பெப்ரவரியில் அந்தப் பறவையின் இழுப்பறையைப் பிரித்து அடுக்கியது நான்.

தயிர் மறந்துவிட்டது.

நவம்பர் 11, செவ்வாய்

மழை விட்டது, குளிர். ஏழரைக்கே போய்விட்டேன், யாரும் வருமுன்.

இழுப்பறையைத் தொடுமுன் முழுதாக ஒரு படம் எடுப்போம். பிறகு ஒவ்வொன்றாக. பெப்ரவரிப் படங்களைத் திறந்தேன். முதல் படம்: இரண்டு பறவைகள் பக்கத்தில் பக்கத்தில், மல்லாக்க. வால் நுனி உடைந்ததற்குக் கிழக்குக் கரைச் சீட்டு. முழு வால்காரருக்கு மேற்கு. அரை மணி கழித்து எடுத்த தனிப் படங்களில் உடைந்த வால்காரருக்கு மேற்குச் சீட்டு. கார்த்திக் தோல் வெட்டியது அதில்தான். பெரிதாக்கிப் பார்த்தேன். குறைத்துப் பார்த்தேன். எத்தனை தரம் பார்த்தாலும் அதே.

அன்று நடந்தது எல்லாம் வந்துவிட்டது. இரண்டு சீட்டின் நூலும் உக்கி இற்றுப்போயிருந்தன, மாற்ற வேண்டும். நூல் மாற்றும்போது மேசையில் ஒரு பறவைதான் இருக்கலாம். முதல் நாளே சொல்லித் தரும் சட்டம், நானே புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். அன்று தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன், ஏஜென்சி, அதே பாய்லர். "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்று ஒரு பெண்குரல், பிறகு பாட்டு, பிறகும் அவள். வீட்டில் மூன்று நாளாகச் சுடுதண்ணீர் இல்லை. இரண்டு பறவைகளையும் எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு நூலையும் வெட்டினேன்.

எந்தப் பறவையும் ஆற்றைத் தாண்டவில்லை. நான்தான் தாண்ட வைத்தேன்.

வேறு யாருக்கும் தெரியாது. அந்த முதல் படத்தை யாரும் திறக்கப்போவதில்லை. இதை எழுதக் கை கூசுகிறது.

பதினொரு மணிக்குக் கார்த்திக் இரண்டு தேநீர் கொண்டுவந்தான். குடித்தேன்.

நவம்பர் 12, புதன்

வெயில். என்ன பயன்.

கார்த்திக் மாநாட்டுக்குத் தன் ஆய்வின் சுருக்கத்தை அனுப்பிவிட்டான். காலை பத்துக்கு. நன்றி சொல்லும் இடத்தில் என் பெயர். அனுப்புமுன் திரையைத் திருப்பிக் காட்டினான், பெயரின் எழுத்துச் சரியா என்று கேட்டான். சரி என்றேன்.

வேலைக்குப் பிறகு ஈஸ்ட் ஹாம். மரக்கறி, தயிர், பாண். வாழைக்காய் வதங்கல். கடையில் ஒரு அம்மா போனில்: "அவன் கேட்டால் நான் இல்லையெண்டு சொல்லு." எனக்கும் அப்படிச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இவர் நேர்முகத்துக்குக் கேள்வி கேட்டார். கடைகளுக்குக் குளிரறை பொருத்துகிற மனிதர், முன்பு நாங்கள் இருந்த ஜெர்மனியிலும் அதே வேலை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிய அதிகாரி மாதிரி இருந்தார்.

"வேலையிலை நீர் விட்ட பிழை ஒண்டைச் சொல்லும். அதை எப்பிடிச் சரிக்கட்டினனீர்?"

கணினிக் கோப்பில் அட்டவணையின் ஒரு நிரலைத் தவறாகச் சேமித்த கதையைச் சொன்னேன். ஏற்கெனவே தயார் செய்து வைத்திருந்தது. சின்னப் பிழை, உடனே கண்டேன், உடனே சொன்னேன், எல்லோரும் நன்றி சொன்னார்கள்.

"நல்லாச் சொல்லுறீர். ஆனா முகம் ஏன் இப்பிடிக் கிடக்கு?"

சொன்னேன். எல்லாவற்றையும். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"திங்கக்கிழமை நேர்முகம் முடியட்டுமேயப்பா. பிறகு சொல்லலாம்தானே."

"பிறகு சொன்னா, ஒளிச்சு வைச்சு வேலை எடுத்ததெண்டு ஆகும்."

"சொன்னா வேலையே இல்லையெண்டும் ஆகலாம்."

"ஓம்."

அவரும் பாவம். ஜெர்மனியை விட்டு இங்கே வந்ததே ஒரு ஏற்றத்துக்குத்தான். மரமேறி அடியிலிருந்து மேலே ஏறும், பிறகு பறந்துபோய் அடுத்த மரத்தின் அடியில் உட்காரும், அங்கிருந்து திரும்பவும் ஏறும். எனக்கு இன்னொரு மரத்துக்குத் தெம்பில்லை.

நவம்பர் 13, வியாழன்

வானிலை பார்க்கவில்லை.

கார்த்திக்கிடம் சொன்னேன், அவனுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும் என்று. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வால் நுனியில் விரலை வைத்தேன். அவன் கெட்டிக்காரன், விளக்கம் தேவைப்படவில்லை.

"எப்பக்கா தெரியும்?"

"செவ்வாய்."

"புதன்கிழமைதானே அனுப்புனேன்."

"ஓம், தம்பி."

"எழுத்து சரியான்னு உங்ககிட்டயே கேட்டேன்."

அவன் எழுந்து போனான். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு ஜூடித். பிரிவுத் தலைவி, நேர்முகக் குழுவிலும் அவள்தான். அவளும் முதலில் அதையே கேட்டாள், எப்போது தெரியும் என்று. குறிப்பேட்டில் "செவ்வாய்" என்று எழுதி அடிக்கோடு போட்டாள். ஆதாரம் கையில் இருப்பதால் சீட்டைத் திருத்தலாம் என்றாள். கோபமில்லை, ஆறுதலும் இல்லை. நேர்முகம் அதே நேரம்தான் என்றாள்.

மதியச் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை. ரயிலில் இடம் கிடைத்தது, இறங்க வேண்டிய குட்மேய்ஸைத் தாண்டியும் தூங்கிவிட்டேன்.

நவம்பர் 14, வெள்ளி

தூறல். குடை கிடைத்தது, யாரோ ஒரு கம்பியை உடைத்திருக்கிறார்கள்.

இங்கே பழைய சீட்டை ஒருபோதும் எறிவதில்லை. பிழையானாலும் இருக்கும், மேலே புதுச்சீட்டு சேரும். சில பறவைகளின் காலில் நாலைந்து தொங்கும். ஒருவர் ஒரு பெயர் வைத்தார், அடுத்தவர் மாற்றினார், மூன்றாமவர் பழையதற்கே திரும்பினார். எல்லோருடைய கையெழுத்தும் அங்கே.

இன்று என்னுடையது. பென்சிலில் எழுதிப் பார்த்தேன், பிறகு மை. "நூல் மாற்றுகையில் சீட்டுகள் இடம் மாறின. படத்தை வைத்துத் திருத்தப்பட்டது." தேதி. முதலெழுத்துகள் போதும் என்றாள் ஜூடித். முழுப் பெயரையும் எழுதினேன். இரண்டு வருடத்தில் ஒரு பறவையின் காலில் என் பெயர் இருப்பது இதுதான் முதல் தரம், அதுவும் இப்படி.

கட்டப் போகையில் கார்த்திக் வந்தான். மாநாட்டுச் சுருக்கத்தைத் திரும்பப் பெற்றுவிட்டானாம். முகம் வெளுத்துப்போயிருந்தது. எதிரே உட்கார்ந்தான். உடைந்த வால்காரரை மட்டும் என் முன் வைத்தான். மற்றதைத் தட்டோடு எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

"ஒண்ணு முடிங்க. அப்புறம் இதைத் தர்றேன்."

முடித்தேன். தந்தான். அக்கா என்று ஒரு தடவையும் சொல்லவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

காற்சட்டை அயர்ன். பொத்தானைத் தள்ளித் தைத்தேன். இவர் கேள்வி கேட்க வந்தார், வேண்டாம் என்றேன். பக்கத்தில் இருந்து தேசிக்காய் பிழிந்துகொண்டிருந்தார். நல்ல மனிதர்.

ஏஜென்சி திரும்பக் கூப்பிட்டது, ஞாயிற்றுக்கிழமை, அதிசயம். பாய்லர்காரர் செவ்வாய் வருவார்.

நவம்பர் 17, திங்கள்

பனிமூட்டம்.

மூன்று பேர். நடுவில் ஜூடித், இரண்டு பக்கமும் எனக்குத் தெரியாதவர்கள். நாலாவது கேள்வியை இடப்பக்கத்து மனிதர் தாளைப் பார்த்து வாசித்தார், எல்லோரிடமும் கேட்பதுதான்: வேலையில் விட்ட ஒரு பிழை, அதை எப்படிக் கையாண்டீர்கள்?

ஜூடித் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிரல் கதை நாக்கு நுனியில் இருந்தது. தண்ணீர் குடித்தேன். மரமேறிகள் இரண்டு, ஒரே மேசை என்று தொடங்கினேன். போனையும் சொன்னேன். மாநாட்டையும் சொன்னேன், ஒன்றும் விடவில்லை.

இன்றென்றால் எதை வேறுவிதமாகச் செய்வீர்கள் என்று அவர் கேட்டார். ஒரு நேரத்தில் ஒரு பறவை என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார். முகத்தில் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமையே சொல்லியிருப்பேன் என்றேன்.

நாளை பாய்லர்காரர், எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில்.