எலிக்கு ஓட்டு, என் கடைக்குப் பூட்டு

அனுப்புநர்:
ரொட்டிக் கடைக்காரி,
எலி, பூச்சி ஒழிப்புக் கடையை ஒட்டிய இடப்பக்கக் கடை.

பெறுநர்:
சுகாதார அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம், முதல் மாடி.

பொருள்: பக்கத்துக் கடைக்காரர் விளம்பரத்துக்காகப் போனில் ஓட்டெடுத்து எலிகளை விடுவிப்பதும், அவை என் மாவு அறையில் குடியேறுவதும், அதற்கு எனக்கே அறிவிப்பு வந்திருப்பதும் குறித்து.

மதிப்புக்குரிய ஐயா,

1. பத்தொன்பது வருடமாக இதே இடத்தில் ரொட்டியும் பன்னும் சுட்டு விற்கிறேன். மாவு பிசைவது என் வீட்டுக்காரர், பேசுவது நான். அவர் ஒரு நாளைக்குப் பேசுவதை விரல் விட்டு எண்ணிவிடலாம். பக்கத்துக் கடை எலி மருந்துத் தம்பி எங்களுக்கு ஆறு வருடப் பழக்கம். எங்கள் இருவர் கடைக்கும் நடுவே ஒரே சுவர், பின்பக்கம் ஒரே சந்து.

2. நான்கு மாதம் முன்பு தம்பிக்கு வியாபாரம் படுத்துவிட்டது. உடனே போனில் நேரலை ஆரம்பித்தார். “சும்மா போர்டு மாட்டினா எவன்க்கா பாக்குறான்? ஜனங்களையும் ஆட்டத்துல சேத்துக்கணும். அப்பத்தான் கடை பேரு மனசுல நிக்கும்” என்றார். தினமும் மாலை ஐந்து மணிக்குக் கூண்டில் ஓர் எலியைக் காட்டுவார். பார்ப்பவர்கள் பச்சையை அழுத்தினால் விடுதலை, சிவப்பை அழுத்தினால் மரணம். அவர் சொன்னது பொய்யில்லை ஐயா. முன்பு ஒரு சைக்கிளில் போனவர், இப்போது இரண்டு வேன் வைத்திருக்கிறார். எல்லாம் அந்தப் போன் கொடுத்த வாழ்வு.

3. இதில் என் தப்பும் உண்டு, மறைக்கவில்லை. கூண்டில் வைக்க மீந்த பன் கேட்டார், நானே பையில் போட்டுக் கொடுத்தேன். முதல் நாள் அந்த எலி முன்னங்காலால் மீசையைத் துடைத்துக்கொண்டு திரையில் என்னையே பார்த்தது. நானும் சிரித்துக்கொண்டே பச்சையை அழுத்தினேன். ஊருக்கு வெளியே காட்டில் கொண்டுபோய் விடுவார் என்று நினைத்தேன்.

4. எல்லா நாளும் பச்சைதான் ஜெயித்தது. போனில் பார்க்கிறவர்களுக்கு எலி பாவம். அது அவர்கள் அடுக்களையில் இல்லையே. அதிகமாக ஓட்டு வாங்கிய ஒரு கொழுத்த எலிக்கு ‘மாப்பிள்ளை’ என்று பட்டப்பெயர் வைத்து, அடையாளத்துக்கு முதுகில் நீலப் பெயின்ட் புள்ளியும் வைத்தார்.

5. போன மாதம் ஒரு காலை மைதா மூட்டையைப் பிரித்தேன். உள்ளே நீலப் புள்ளி உட்கார்ந்திருந்தது. மாவெல்லாம் கறுப்புப் புழுக்கை. தட்டு துடைக்கும் வெள்ளைத் துணியை உதறினால் கண் திறக்காத சிவப்புக் குஞ்சுகள் ஏழு கீழே விழுந்து நெளிந்தன. மாவு பிசையும் தொட்டியில் மூத்திர நாற்றம். ஐந்து முறை வெந்நீர் ஊற்றிக் கழுவினோம். நான்கு மூட்டை மாவைக் குப்பையில் கொட்டினோம். அன்று கடை திறக்கவில்லை. நான் சுட்ட பன்னை இன்று வரை என்னால் வாயில் வைக்க முடியவில்லை.

6. காடு என்று நான் நினைத்தது எங்கள் பின்சந்துதான். அவர் பின்கதவைத் திறந்து கூண்டைக் கவிழ்ப்பார், அவ்வளவுதான் விடுதலை. கேட்டதற்கு, “நான் என்னக்கா பண்றது? ஜனங்க தீர்ப்பு. கொன்னேன்னு வையுங்க, பாதிப் பேரு பாக்குறதையே விட்டுருவாங்க” என்றார். என் வீட்டுக்காரர் வாய் திறந்தார்: “எலி பிடிக்கிற கடைன்னுதானே போர்டு வச்சிருக்க?” அதற்கும் தம்பி சிரித்தார்.

7. அடுத்த நாளே நடுச்சுவரில் இருந்த ஓர் ஓட்டை வழியாகப் போனை நீட்டி, “மாப்பிள்ளை மாமியார் வீட்டுக்கு விருந்துக்குப் போயிருக்காரு” என்று என் மாவு அறையைக் காட்டிவிட்டார். என் மஞ்சள் பிஸ்கட் டின்களை அடையாளம் கண்டவர்கள் தங்கள் அலுவலகத்துக்குப் புகார் எழுதினார்கள். அவரைப் பற்றி இல்லை, என்னைப் பற்றி. தங்கள் ஆய்வாளர் வந்து பார்த்ததை எழுதினார். அவர் மேல் குறை சொல்ல மாட்டேன், எலி இருந்தது உண்மை. ஏழு நாளுக்குள் உரிமம் பெற்ற ஒழிப்பாளரிடம் ‘எலி இல்லை’ என்று சான்று வாங்கித் தராவிட்டால் கடைக்குச் சீல். தாங்கள் இணைத்திருந்த பட்டியலில் இருப்பது ஒரே ஒரு கடை. எது என்று தாங்களே ஊகிக்கலாம்.

8. வெட்கத்தை விட்டு அவரிடமே போனேன். “தந்துட்டாப் போச்சு. ‘அக்காவுக்குச் சான்று தரலாமா வேணாமா’ன்னு சாயங்காலம் ஓட்டுக்கு விட்டுருவோம். உங்க கடைக்கும் விளம்பரந்தானே” என்றார். எவரிடமும் ஏட்டிக்குப் போட்டி பேசும் நான் நேரே கடைக்கு வந்து சிமென்ட் குழைத்தேன். அருவருப்பு எலியைப் பார்த்து வந்ததா, அந்தச் சிரிப்பைப் பார்த்து வந்ததா என்று இன்னும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

9. ஆகவே ஐயா, வெளியூர் ஒழிப்பாளர் ஒருவரைத் தாங்களே அனுப்பி என் கடையைச் சோதித்துச் சான்று தர வேண்டும். பிடித்த எலியைத் திறந்துவிடக் கூடாது என்று பக்கத்துக் கடைத் தம்பிக்கு உத்தரவு போட வேண்டும். என் பக்கத்து ஓட்டையை நான் சிமென்ட் போட்டு அடைத்துவிட்டேன், அவர் பக்கத்தையும் அடைக்கச் சொல்ல வேண்டும். அவர் வியாபாரம் கெட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வேனுக்கு என்ன கலர் அடிக்கலாம் என்று ஊரைக் கேட்கட்டும், நானும் ஓட்டுப் போடுகிறேன்.

இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது. என் அடுப்பு எரிய வேண்டுமா என்று முன்பின் தெரியாத விரல்கள் முடிவு செய்ய வேண்டாம். தாங்கள் நேரில் வந்து பார்த்து, தங்கள் கையால் எழுதுவது எதுவானாலும் கட்டுப்படுகிறேன்.

நாள்: அறிவிப்பு வந்த நான்காம் நாள்
இடம்: கடை, அடுப்புக்கு எதிரே

இப்படிக்கு,
பத்தொன்பது வருடமாகத் தங்கள் அலுவலகத்துக்கும் பன் தரும்
ரொட்டிக் கடைக்காரி
(கையொப்பம்)

இணைப்பு:
1. அறிவிப்பின் நகல்.
2. நீலப் புள்ளி வைத்த எலி ஒன்று, உயிருடன், கூண்டில். நேற்று நானே பிடித்தது. இதை என்ன செய்வது என்று வேறு யாரையும் கேட்கவில்லை, தங்களை மட்டும் கேட்கிறேன். கூண்டு திரும்ப வேண்டும்.