வண்டி விளக்கும் அம்மன் விழியும்

ஆடி மூன்றாம் செவ்வாய், இரவு

மகளின் பள்ளிப் புத்தகத்தைப் பார்த்து மோனை, எதுகை, உவமை எல்லாம் நானாகவே கற்றுக்கொண்டு, வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜைக்கு ஒரு பாட்டு எழுதினேன். இன்று கோயிலில் பாடிக் காட்டினேன்.

விடியலில் வரும் வண்டி விளக்கைப் போல்
விழி திறந்து வாடி தாயே.

பஜனைக் குழுவை நடத்தும் சரசு அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னா வண்டிடீ?"

"ஒரகடத்துல நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வர்ற கம்பெனி பஸ்சு, அக்கா."

"அம்மா கண்ணு பஸ்சு லைட்டா? அவ இன்னா டிரைவரா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"தாமரைன்னு மாத்திக்கினு வா. இல்லாங்காட்டி வெள்ளிக்கெழம இந்தப் பாட்டே வாணாம்."

தாமரை என்று போட்டால் அந்த வரியில் வண்டி, விளக்கு என்று வரும் மோனை போய்விடும். அதுகூடப் பரவாயில்லை. தெரிந்ததைக் காட்டித் தெரியாததைச் சொல்வதுதானே உவமை? தாமரைக்காக நான் ஒருநாளும் வாசலில் காத்து நின்றதில்லை. போன வருடம் அந்தக் கம்பெனியில் என் வீட்டுக்காரர் வேலை செய்யும் மெஷின் லைனில் ஒருவருக்குக் கை நசுங்கியது. அன்றிலிருந்து தெருமுனையில் அந்த இரண்டு விளக்கும் திரும்பும்வரை எனக்கு மூச்சு சீராக வருவதில்லை. சரசு அக்காவின் மகனும் அதே பஸ்ஸில்தான் வருகிறான். அக்காவும் வாசலில்தான் நிற்கிறார், நான் பார்த்திருக்கிறேன்.

மாற்ற மாட்டேன். குழுவில் இடமில்லை என்றால் பூஜை முடிந்ததும் சந்நிதி முன்னால் தனியாக நின்று பாடுவேன். பிடிக்கவில்லை என்றால் அதை அம்மனே சொல்லட்டும்.