மைக்கும் எனக்க பேச்சும்

மே 3, சனி

காலையிலிருந்தே புழுக்கம். மூன்று மணிக்கு நாலு துளி மழை. மண் நனையவில்லை.

கால்பந்து டோர்ணமென்ட், கால் இறுதி இரண்டு மேட்ச். நாகர்கோவிலுக்கு வெளியே அதே குளத்தங்கரை மைதானம். இது ஐந்தாவது வருடம். கண்ணன் மைக், நான் நோட்டு. கோல் போட்டது யார், எத்தனையாவது நிமிடம், எந்தக் கால், எல்லாம் துண்டுச் சீட்டில் எழுதி நீட்டுவேன். அவன் அதை மைக்கில் சொல்வான். "பந்தை லாவகமாகக் கடத்திச் செல்கிறார் அஜின்!" அந்த "லாவகம்" மேட்சுக்கு இருபது தடவை.

இடைவேளையில் சாயா. கமிட்டிக்காரர்கள் நாலைந்து பேர். மஞ்சள் டீமின் ஒன்பதாம் நம்பர் அஜினைப் பற்றிப் பேச்சு. ஆர்வத்தில் அவனுடைய இடது கால் உதையை எங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொல்லிவிட்டேன்.

"அவன் எடங்காலு கொண்டு சவுட்டினான் பாத்தியா!"

கண்ணன் சாயாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "சவுட்டினானாம்! ஏலே ஷிபு, அது பந்தா, பாம்பா? சவுட்டிக் கொல்லதுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் எதற்குச் சிரித்தேன்?

வாங்க வேண்டியது: மைக்குக்கு பேட்டரி 2, விசில் கயிறு, பேனா (கறுப்பு).

மே 4, ஞாயிறு

வெயில். மேட்ச் இல்லை. துணி துவைத்தேன். ரம்யா பிறந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள், சாயங்காலம் வருவாள்.

கணக்குப் போட்டால் பன்னிரண்டு வருடம். பாலிடெக்னிக் முதல் வாரம், எழுந்து பதில் சொன்னேன். முன் பெஞ்சிலிருந்து கண்ணன் அதே ராகத்தில் திரும்பச் சொன்னான். வகுப்பே சிரித்தது. அவன் நாகர்கோவில் வடசேரிக்காரன், நான் கேரள எல்லையோர அருமனைக்காரன். ஒரே மாவட்டம்தான், பஸ்ஸில் ஒரு மணி நேரம். அதற்கே நான் "மலையாளத்தான்".

அதே கண்ணன்தான் மூன்று வருடமும் மதியச் சோற்றில் பாதி தந்தான். அப்பா பைக்கிலிருந்து விழுந்தபோது ரத்தம் கொடுத்ததும் அவன்தான். அதனால்தான் கோபம் வந்தாலும் முழுதாக வருவதில்லை. பாதியில் நின்றுவிடும்.

இதுவரை யாரிடமும் சொல்லாதது: எனக்கு மைக் வேண்டும். வீட்டுக்கு வரும் வழியில் ஹெல்மெட்டுக்குள் தினமும் கமென்ட்ரி. பஸ், ஆட்டோ, குறுக்கே வரும் மாடு, எல்லாம் பிளேயர்கள். ஹெல்மெட்டுக்குள் நான் பெரிய ஆள்.

மே 7, புதன்

வேலை பார்க்கும் கடையில் கூட்டம். பெயிண்ட் டப்பா ஒன்று மூடி திறந்து கொட்டிவிட்டது. செருப்பு இனி பச்சைதான்.

மதியம் வடசேரி சந்தை பக்கம் ஜூஸ் கடைக்குக் கண்ணனை வரச் சொன்னேன். சொல்லவேண்டியதை மனசுக்குள் நாலு தரம் ஒத்திகை பார்த்திருந்தேன். கடைசியில் கேலி செய்யாதே என்ற ஒரே வரிதான் வந்தது.

"நீ எனக்க பேச்ச களியாக்காத. எனக்கு அது பிடிக்கல்ல."

"களியாக்காதயா?" சிரிக்கத் தொடங்கிவிட்டான். "அப்ப களி கிண்டவா? கேழ்வரகா, உளுந்தா?"

நான் சிரிக்கவில்லை. பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை. அவன் அதைக் கவனித்துவிட்டான்.

"தமாசுலே மக்கா. இதுக்குப் போயி."

எழுந்து வந்தேன். பாதி ஜூஸ் அப்படியே. முலாம்பழம், நன்றாகத்தான் இருந்தது.

மே 10, சனி

செமி ஃபைனல். இதைக் கோபத்தில்தான் எழுதுகிறேன்.

முதல் பாதி. அஜின் தூரத்திலிருந்து அடித்தான், கம்பத்தில் பட்டுத் திரும்பியது. நான் சீட்டு நீட்டினேன். கண்ணன் அதை வாசிக்காமல் மைக்கில், ஐந்நூறு பேருக்கு முன்னால், என் ராகத்தை இழுத்து:

"நம்ம ஸ்கோரர் ஷிபு என்ன பறையிறாருன்னா... அவன் நல்லோணம் சவுட்டினானாம், கேட்டேளா!"

மைதானம் சிரித்தது. ஐஸ்காரர்கூட.

நோட்டை மூடினேன். பேனாவைச் சட்டைப் பையில் குத்தினேன். எழுந்து போய் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன். மேட்ச் முடியும்வரை மேசைக்குத் திரும்பவில்லை.

சீட்டு இல்லாமல் கண்ணன் பட்ட பாடு! ஏழாம் நம்பர் போட்ட கோலுக்குப் பத்தாம் நம்பர் பெயர். மாற்று ஆள் இறங்கியது தெரியாமல் வெளியே உட்கார்ந்திருப்பவனை ஓடவிட்டான். ஏழாம் நம்பரின் அம்மா கயிற்றுக்கு அப்பால் நின்று கத்தினாள்: "கோலு போட்டது எம்மவன்டே! கண்ணு தெரியாதா ஒனக்கு?"

சந்தோஷப்பட்டேன். மறைக்கவில்லை.

மேட்ச் முடிந்ததும் கமிட்டி செயலாளர் லாரன்ஸ் அண்ணனிடம் போனேன்.

"அண்ணா, நாளைக்கு ஃபைனல்ல ரெண்டாம் பாதி நான் பேசட்டா?"

"நீயா? நீ வாயே தொறக்க மாட்டியேலே."

"தொறப்பேன். ஆனா எனக்க பேச்சுலதான் பேசுவேன்."

தாடையைச் சொறிந்தார். "ஆளுகளுக்கு மனசிலாவணும் பாத்துக்கோ."

"பந்து எங்க போவுதுன்னு பறஞ்சா யாருக்கு அண்ணா மனசிலாவாது?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு மாதிரிச் சிரிப்பு. "செரி. ஆனா கண்ணன்கிட்ட நீயே சொல்லிரணும்."

மே 11, ஞாயிறு, காலை

ஆறரைக்குக் கண்ணனுக்குப் போன்.

"ரெண்டாம் பாதி மைக் எனக்கு. லாரன்ஸ் அண்ணன் செரின்னாரு."

அந்தப் பக்கம் கதவு சாத்தும் சத்தம். பிறகு, "ஏலே, ஆளுக சிரிக்கும்லே."

"சிரிக்கட்டு. நீ பன்னெண்டு வருஷமா சிரிக்கிய. நான் செத்தா போனேன்?"

விட்ட இடத்திலிருந்து நானே சொன்னேன்: "இன்னொண்ணு. இனி ஒரு தடவ களியாக்கினா உனக்க பக்கத்துல நான் இருக்க மாட்டேன். மேட்ச்லயும் இல்ல, வெளியிலயும் இல்ல."

போனை வைத்துத் திரும்பினேன். ரம்யா எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். ஐந்து ஆப்பம் சுட்டு வைத்தாள். ஐந்தையும் தின்றேன்.

அதே நாள், வீடு திரும்பி

குரல் போய்விட்டது. போகட்டும்.

முதல் பாதி கண்ணன். நீலம் 1, மஞ்சள் 0. இடைவேளையில் மைக்கை என் முன்னால் வைத்தான், முகத்தைப் பார்க்கவில்லை.

முதல் இரண்டு நிமிடம் படு மோசம். பயத்தில் என் வாயிலிருந்து கண்ணனுடைய தமிழ் வந்தது. "பந்தை... லாவகமாக..." எனக்கே சகிக்கவில்லை. யாரோ, "ஒரு சோடா குடியும் அண்ணே!" என்றான்.

அப்போது அஜினுக்குப் பந்து கிடைத்தது. யோசிக்க நேரமில்லை.

"வாறான், வாறான், அஜின் வாறான்! இஞ்ச ஒருத்தன் தடுக்கான், அவன வெட்டியாச்சு! இன்னொருத்தன் சாடி வாறான், அவனும் தாழ! கோலி மட்டும்தான் பாக்கி... எடங்காலு... சவுட்டு மக்கா, சவுட்டு, சவுட்டூ... கோல்ல்ல்!"

மைதானம் எழுந்து நின்றது. என் குரல் ஸ்பீக்கரிலிருந்து குளத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. அது என் குரல்தான்.

அதன் பிறகு நான் நிறுத்தவே இல்லை. "கோலி அண்ணே, வெயிலு கண்ணுல அடிக்கி, கொறச்சு தள்ளி நில்லும்!" என்றேன். கோலி நிஜமாகவே தள்ளி நின்றான். சிரித்தார்கள், ஐந்நூறு பேரும். என்னைப் பார்த்து இல்லை, என்னோடு சேர்ந்து. கார்னர் கிடைத்தபோது கயிற்றுக்கு அப்பால் ஒரு கூட்டமே "சவுட்டு மக்கா" என்று கத்தியது. எல்லாம் நாகர்கோவில் பையன்கள்.

நடுவில் கைக்குப் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு. "அஜின், 61 நிமிஷம், இன்னைக்கு 2வது கோல், இந்த டோர்ணமென்ட்ல 5வது." கண்ணனின் கோழிக் கிறுக்கல். என் நாற்காலியில் உட்கார்ந்து என் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். கடைசிவரை பதினொரு சீட்டு. ஒன்றும் தப்பில்லை.

மஞ்சள் 2, நீலம் 1.

கூட்டம் கலைந்த பிறகு ஒயர் சுருட்டும்போது பக்கத்தில் வந்தான்.

"ஏலே, நேத்து மைக்ல அப்பிடிப் பேசினது தப்புதான்."

"நேத்து மட்டுமா?"

ஒயரின் மறுமுனையைக் கையில் எடுத்துக்கொண்டான். "இல்ல. பாலிடெக்னிக்ல இருந்தே. மன்னிச்சிரு மக்கா."

பரவாயில்லை என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. பரவாயில்லை என்று விடுகிற விஷயம் இல்லையே. "செரி" என்றேன். இரண்டு பேரும் சேர்ந்து ஸ்பீக்கரைத் தூக்கினோம். கனம்.

மே 12, திங்கள்

நல்ல மழை. தொண்டை கட்டி, கடையில் எல்லாம் சைகை.

பதினொன்றரைக்கு லாரன்ஸ் அண்ணன் போன். குலசேகரம் பக்கம் ஒரு கமிட்டி, ஜூனில் டோர்ணமென்ட். "அந்த 'சவுட்டு மக்கா' ஆளு வேணுமாம்டே."

உடனே கண்ணனுக்கு அடித்தேன். காற்றுதான் வந்தது, ஆனாலும் சொன்னேன். "ஜூன்ல குலசேகரம். ரெண்டு பேரும் போறோம்."

"மைக்?"

"மொதல் பாதி எனக்கு."

"செரி" என்றான்.